பரவைக்கடலின் அடியை லைடார் தரவிலிருந்து வரைதல்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தின் இருபுறமும் தெரிகின்ற பரவைக்கடலில், ஆழமானி பூட்டிய படகு பல இடங்களில் தரைதட்டிவிடும். இத்தகைய கடலுக்கே விமானத்திலிருந்து 532 நானோமீற்றர் அலைநீளப் பச்சை லேசரைப் பாய்ச்சும் லைடார் முறை பொருந்துகின்றது. ஒளித்துடிப்பின் ஒரு பகுதி நீர்மட்டத்தில் தெறிக்க, எஞ்சியது அடியைத் தொட்டு மீள்கின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரமே ஆழத்தைத் தருகின்றது. செங்குத்திலிருந்து 20 பாகைச் சாய்வில் நுழையும் கதிர் நீருக்குள் ஏறக்குறைய 15 பாகைக்கு வளைவதால் அதற்கான திருத்தமும் தேவை. வெளியிடப்படும் தரவில் இத்திருத்தம் பெரும்பாலும் முடிந்திருக்கும். விவரக்கோப்பை வாசிக்காமல் மீண்டும் செய்யாதீர்கள்.

முதலில், பயிற்சிக்காக, அமெரிக்கத் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் இலவசமாக வழங்கும் புளோரிடாக் கரையோரத் தரவில் ஒரு சிறு துண்டைத் தரவிறக்குங்கள்.

அடுத்து, அடித்தளப் புள்ளிகளைப் பிரித்தெடுக்க வேண்டும்; கோப்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் எதைத் தொட்டது என்பதை ஒரு வகை எண் காட்டும். இங்கேதான் இரண்டு நாள்களை இழந்தேன். நிலத்துக்குரிய 2ஆம் வகையை மட்டும் எடுத்ததால் கரை அழகாக வந்தது, கடல் வெறுமையாக இருந்தது. நீரடித் தரைக்குரிய எண் 40, நீர்மட்டத்துக்குரியது 41. எண்ணைத் திருத்திய பின்னரும் ஒன்றும் வரவில்லை; ஏனெனில் இடையில் கோப்பை, லைடார் புள்ளிகளுக்கான லாஸ் (LAS) கோப்பு வடிவத்தின் பழைய 1.2 பதிப்பில் சேமித்திருந்தேன், அதில் 31க்கு மேற்பட்ட வகை எண்ணுக்கு இடமே இல்லை. ஆகவே 1.4 பதிப்பிலேயே, 6ஆம் அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளி வடிவத்தில் சேமியுங்கள். பிரிப்பதற்கு நான் பிடால் (PDAL) என்ற கட்டளைவரி மென்பொருளையே விரும்புகின்றேன். கட்டளை எழுதச் சலிப்பாக இருந்தாலும், செய்தது என்னவென்று பின்னர் பார்க்கலாம். புள்ளிகளை முப்பரிமாணத்தில் காட்டும் கிளவுட்கம்பேர் (CloudCompare) கண்ணால் சரிபார்க்க மட்டும் போதும்.

பின்னர் 1 மீற்றர் கட்டங்களாக்கி கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் திறவுங்கள். புள்ளி விழாத இடங்களை மென்பொருள் தானாக நிரப்ப விடாதீர்கள். அங்கே ஒளி அடியை எட்டவில்லை என்பதும் ஒரு தகவலே. உயரம் எந்த மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். யாழ்ப்பாணத்தில், ஜிபிஎஸ் பயன்படுத்தும் நீள்வட்ட மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் ஏறத்தாழ 90 மீற்றர் வேறுபாடு உண்டு.

பிற்சேர்க்கை: 40ஆம் வகையே தமது கோப்பில் இல்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பழைய தொகுதிகள் சிலவற்றில் அதற்கு 26 என்ற எண் வழங்கியது. மண்டைதீவிலிருந்து எழுதிய மற்றொருவர், சாதாளை என்னும் கடற்தாவரம் அடர்ந்த இடத்தில் லேசர் எதைத் தொடும் என்று கேட்டார். பெரும்பாலும் சாதாளையின் மேற்பரப்பைத்தான்; அங்கே கிடைக்கும் ஆழம் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். சோளகம் வீசி நீர் கலங்கும் காலத்தில் அதுவும் கிடைக்காது. வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் இறக்கினால் அது கண்ணுக்கு மறையும் ஆழத்தின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரையே, கருவியைப் பொறுத்து, இம்முறை எட்டும்.