அடுத்து எந்தத் தாக்குதல் வரும்? உங்கள் நிறுவனத்துக்கு நீங்களே கணிப்பது எப்படி

ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களிடம் இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறையாவது முதலாளி கேட்பார்: "நமக்கு என்னப்பா ஆபத்து இருக்கு?" அப்போது உலகத்தில் உள்ள எல்லாத் தாக்குதலையும் பட்டியல் போட்டு, எல்லாவற்றுக்கும் சிவப்பு அடித்துக் கொடுத்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த 12 மாதத்தில் நம்மிடம் வரக்கூடியவை இவை, முதலில் இது, இந்த வழியாக வரும், வாய்ப்பு ஏறக்குறைய இவ்வளவு என்று நான்கு வரியில் சொன்னால் பணம் ஒதுக்குவார். அந்த நான்கு வரியை எழுதுவது எப்படி என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

தாக்குபவன் யார், எந்த நாட்டுக்காரன் என்பதில் ஆரம்பத்திலேயே நேரத்தைக் கொட்டாதீர்கள். உங்களைப் போன்ற இடங்களில் என்ன நடந்தது, உங்கள் பணம் எந்த வழியில் போய் வருகிறது, உங்கள் கதவுகளில் எது திறந்து கிடக்கிறது, இந்த மூன்றும் தெரிந்தால் கணிப்பில் பெரும்பகுதி முடிந்தது.

உங்களைப் போன்றவர்களில் தொடங்குங்கள்

இதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2015 ஜனவரியில் ஈக்வடார் நாட்டு வங்கி ஒன்றிலிருந்து வங்கிகள் ஒன்றுக்கொன்று பண உத்தரவு அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாகப் பொய்யான பணப் பரிமாற்ற உத்தரவுகள் போய், 1.2 கோடி டாலர் வெளியேறியது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கி. திருடர்கள் குறிவைத்தது 95 கோடி டாலருக்கு மேல், மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்தது 8.1 கோடி. 2017 அக்டோபரில் தைவானில் ஒரு வங்கி, நேபாளத்தில் ஒரு வங்கி. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி: மூன்று பொய்ப் பரிமாற்றங்கள், ஏறத்தாழ 20 லட்சம் டாலர். ஸ்விஃப்ட் செய்திகளை அச்சடிக்கும் பிரிண்டரை முடக்கி, விஷயம் உடனே தெரியாமல் பார்த்துக்கொள்வது வங்கதேசத்தில் செய்த வேலை. கும்பகோணத்து வங்கியிலும் அதேபோலப் பிரிண்டரைத்தான் முடக்கினார்கள். வெற்றி பெற்ற முறையைத் திருடர்கள் மாற்றுவதில்லை, இடத்தைத்தான் மாற்றுகிறார்கள். அதனால்தான் கணிப்பே சாத்தியமாகிறது.

ஆகவே முதல் வேலை, உங்களைப் போன்ற நிறுவனங்கள் எவை என்று முடிவு செய்வது. ஒரே தொழில், ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே மாதிரி மென்பொருள், ஒரே மாதிரி வாடிக்கையாளர்கள். பெரிய ஐடி நிறுவனத்துக்கு நடந்ததைப் படித்துவிட்டு 150 கணினி வைத்திருக்கும் பின்னலாடை நிறுவனம் பயப்படுவதில் பயனில்லை. அப்புறம் அந்த நிறுவனங்களில் கடந்த மூன்று ஆண்டுகளில் நடந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். செய்தித்தாளில் வருவது கொஞ்சம்தான். தொழில் சங்கக் கூட்டத்தில், ஆடிட்டர் ஆபீஸில், கணினி சர்வீஸ் செய்பவரிடம், வங்கி மேலாளரிடம் பேசினால்தான் உண்மை நிலவரம் வரும். பெயர் கேட்காதீர்கள், "என்ன நடந்தது, எப்படி உள்ளே வந்தான்" என்று மட்டும் கேளுங்கள். பெயரை விட்டுவிட்டால் மனிதர்கள் தாராளமாகப் பேசுவார்கள்.

பணம் போகும் வழியை வரைந்து பாருங்கள்

மீதியை ஒரு மாதிரி நிறுவனத்தை வைத்தே சொல்கிறேன்: திருப்பூரில் ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனம், ஐரோப்பாவில் பத்துப் பதினைந்து பையர்கள். ஆர்டர் இமெயிலில் வருகிறது, மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனிக்கும் ஊழியர்) பதில் போடுகிறார், சரக்கு போனதும் இன்வாய்ஸ் இமெயிலில் போகிறது, பையர் வங்கிக்குப் பணம் அனுப்புகிறார். இந்த ஓட்டத்தை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் "இங்கே ஒருவன் பொய் சொன்னால் பணம் வேறு இடத்துக்குப் போகுமா?" என்று கேளுங்கள். இன்வாய்ஸ் போகும் இடத்தில் பேனா தானாக நிற்கும்.

நடப்பது இப்படி. மெர்ச்சண்டைசரின் அல்லது பையர் பக்கத்து ஊழியரின் பாஸ்வேர்டு ஒரு போலி லாகின் பக்கத்தில் பறிபோகிறது. உள்ளே வந்தவன் எதையும் உடைக்க மாட்டான். மெயில் பெட்டியில் உட்கார்ந்து வாரக்கணக்கில் படிப்பான், முக்கியமான மெயில்கள் தனக்கும் ஒரு நகல் வரும்படி ஒரு ஃபார்வர்டிங் ரூல் போட்டு வைப்பான், உங்கள் டொமைனைப் (இமெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) போலவே ஒன்றை வாங்குவான், எம் என்ற ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி வைத்தால் அவசரத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. சரியாக இன்வாய்ஸ் போகும் வாரத்தில், "எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்தமுறை இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று பழைய மெயில் தொடரிலேயே பதில் போடுவான். சரக்கு போய்விடும், பணம் வராது.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் செய்தியில் பெரிதாக வருகிறது, இந்த இமெயில் மோசடி வருவதில்லை. ஆனால் 2023இல் அமெரிக்காவில் எஃப்பிஐயிடம் புகாரான இழப்பில் இந்த இமெயில் மோசடிக்கு ஏறத்தாழ 290 கோடி டாலர், ரான்சம்வேருக்கு 6 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. ரான்சம்வேர் கணக்கில் தொழில் முடங்கிய நஷ்டம் சேரவில்லை, பலர் புகாரே கொடுப்பதில்லை, அதெல்லாம் சரிதான். இருந்தாலும் ஏற்றுமதி நிறுவனத்துக்கு முதலிடத்தில் நான் எழுதுவது இந்த இமெயில் மோசடியைத்தான்.

மருத்துவமனையாக இருந்தால் இதே தாள் வேறு பதிலைத் தரும், முதலிடத்தில் ரான்சம்வேர் வரும். அங்கே ஒருநாள்கூட நிறுத்த முடியாது என்பதுதான் திருடனுக்குக் கிடைக்கும் பிடி. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் ஐந்து சர்வர்கள் முடங்கி, நோயாளிப் பதிவு நாள்கணக்கில் கையெழுத்தில் நடந்தது நினைவிருக்கும்.

கதவுகள்

வெளியே இருந்து பார்த்தால் உங்கள் நிறுவனம் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். உங்கள் ஸ்டாட்டிக் ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் நிறுவனத்தின் மாறாத எண்) ஷோடான் தளத்தில் போட்டால், எந்தெந்தப் போர்ட் (வெளியிலிருந்து இணைப்பு நுழையும் வாசல்) உலகத்துக்குத் திறந்திருக்கிறது என்று தெரியும். பல இடங்களில் ஒரே கதை: ஆடிட்டர் வீட்டிலிருந்து டேலியைப் பார்க்க வேண்டும் என்று எப்போதோ ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிட்டிருப்பார்கள், போர்ட் 3389, மூடவே இல்லை. சிசிடிவி பெட்டியும் டீஃபால்ட் பாஸ்வேர்டோடு வெளியே நிற்கும். ரான்சம்வேர்க்காரர்கள் முகவரி தெரிந்து உங்களைத் தேடி வருவதில்லை, திறந்த கதவுகளை இயந்திரம் வைத்துத் தேடுகிறார்கள், அதில் நீங்கள் அகப்படுகிறீர்கள். ஆகவே 3389 திறந்திருந்தால் ரான்சம்வேர் வாய்ப்பைத் தயங்காமல் இரண்டு மூன்று மடங்கு ஏற்றி எழுதுங்கள். அந்தப் போர்ட்டை அன்றைக்கே மூடிவிட்டு மறுபடி இறக்கலாம்.

பாஸ்வேர்டும் கதவுதான். ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தில் உங்கள் டொமைனைப் பதிவு செய்தால், எந்தெந்த ஊழியரின் இமெயில் பழைய திருட்டுகளில் கசிந்திருக்கிறது என்று தெரியும். 2021இல் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைனுக்குள் நுழைந்தவர்கள் பயன்படுத்தியது, வெளியிலிருந்து அலுவலக வலைக்குள் நுழைய உதவும் பழைய விபிஎன் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டை. பாஸ்வேர்டுக்குப் பிறகு போனில் குறியீடு கேட்பது போன்ற இரண்டாவது சரிபார்ப்பு அதில் இல்லை.

அப்புறம் மென்பொருள் ஓட்டைகள். 2024இல் மட்டும் ஏறத்தாழ 40,000 ஓட்டைகளுக்கு சிவிஇ எண் (ஒவ்வோர் ஓட்டைக்கும் உலகப் பொதுவான அடையாள எண்) கொடுத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் பார்க்க எவராலும் ஆகாது, தேவையும் இல்லை, ஏனென்றால் திருடர்கள் உண்மையில் பயன்படுத்துவது அதில் ஒரு சிறு பங்கு. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பைக் கவனிக்கும் சிசா அமைப்பு 2021 நவம்பரிலிருந்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, ஏற்கெனவே தாக்குதலில் பயன்பட்ட ஓட்டைகள் மட்டும் அதில் இருக்கும், ரான்சம்வேரில் பயன்பட்டதா என்றும் தனியாகக் குறித்திருப்பார்கள். உலகெங்கும் சைபர் தாக்குதல்களைக் கையாளும் குழுக்களின் கூட்டமைப்பான ஃபர்ஸ்ட், இபிஎஸ்எஸ் என்று ஒரு மதிப்பெண் தருகிறது: ஓர் ஓட்டை அடுத்த 30 நாளில் பயன்படுத்தப்பட எவ்வளவு வாய்ப்பு என்பதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாக, தினமும் புதுப்பித்து. இரண்டும் இலவசம். உங்களிடம் உள்ள ஃபயர்வால், விபிஎன், மெயில் சர்வர், விண்டோஸ் பதிப்பு ஆகியவற்றின் பெயரை மட்டும் வைத்து வாரம் ஒருமுறை தேடினால் போதும். வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது 2017 மே 12. அதற்கான பேட்சை (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது, ஏப்ரல் 14 அன்று அந்த ஓட்டையைத் திறக்கும் கருவி இணையத்தில் கசிந்தது. பேட்ச் போடாத கணினி வைத்திருந்தவர்களுக்கு எச்சரிக்கை நான்கு வாரம் முன்பே வந்திருந்தது.

நீங்கள் யாரை நம்பி இருக்கிறீர்கள் என்பதையும் சேருங்கள். 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்ததும், அதன் சேவையில் இருந்த ஏறத்தாழ 300 சிறு வங்கிகளைப் பணப்பரிமாற்ற வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்க வேண்டி வந்தது. அந்த வங்கிகள் தங்கள் பக்கம் எவ்வளவு பூட்டியிருந்தாலும் பயனில்லை. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீய மென்பொருள், உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட்டில் ஏறி வந்து, மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கி, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்களின் முனையம்வரை நிறுத்திவிட்டது. கன்டெய்னர் அனுப்புபவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். மென்பொருள் விற்றவர், கிளவுட், கொரியர், சரக்கை ஏற்றி அனுப்பும் ஃபார்வர்டர் என ஒவ்வொருவரின் பெயர் பக்கத்திலும் "இவர் ஒரு வாரம் நின்றால் நமக்கு என்ன?" என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் சொந்தப் பதிவுகளில்தான் அடுத்த தடயம்

நூலிழையில் தப்பியவற்றைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அதுதான் உங்களிடம் இருக்கும் மிக நல்ல தரவு. போன ஆண்டு அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு வந்த போலி மெயில்கள், ஆன்டிவைரஸ் பிடித்தவை, நள்ளிரவில் வேறு நாட்டிலிருந்து வந்த லாகின் முயற்சிகள், முதலாளி படம் போட்டு வாட்ஸ்அப்பில் கிஃப்ட் கார்டு கேட்டவன், எல்லாவற்றையும் எடுத்து ஒரு ஷீட்டில் போடுங்கள். எந்தப் பிரிவுக்கு அதிகம் வந்தது, எந்த மாதத்தில் வந்தது, எந்தப் பையர் பெயரில் வந்தது என்று பாருங்கள். ஊழியர்கள் சொல்லத் தயங்கினால் இது நடக்காது. லிங்கைத் தெரியாமல் அழுத்திவிட்டேன் என்று சொல்ல வந்தவரைத் திட்டாதீர்கள், அவர்தான் உங்களுக்குத் தகவல் கொடுப்பவர்.

நாளையும் கவனியுங்கள். வங்கதேச வங்கியில் திருடர்கள் வேலையைத் தொடங்கியது வியாழன் இரவு, அங்கே வெள்ளி விடுமுறை, பிறகு அமெரிக்காவில் சனி ஞாயிறு, திங்களன்று மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. உங்கள் நிறுவனத்தில் தீபாவளி, பொங்கல் வாரத்தில் யார் போனை எடுப்பார் என்று பார்த்து, அந்த நாட்களின் வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எண்ணாக மாற்றுவது

மாதிரிக் கணக்கு ஒன்று. உங்களைப் போன்ற 60 நிறுவனங்களைப் பற்றி விசாரித்தீர்கள், மூன்று ஆண்டுகளில் 9 இடத்தில் இன்வாய்ஸ் மோசடியில் பணம் போயிருக்கிறது, 5 இடத்தில் ரான்சம்வேர் என்று வைத்துக்கொள்வோம். 60 நிறுவனங்களை 3 ஆண்டுகளால் பெருக்கினால் 180. 9ஐ 180ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 5 சதவீதம். ரான்சம்வேர் ஏறக்குறைய 3 சதவீதம். வெளியே சொல்லாதவர்கள் இருப்பார்கள் என்பதால் இரண்டையும் கொஞ்சம் ஏற்றலாம். பிறகு உங்கள் கதவுகளைப் பார்த்து மாற்றுங்கள்: மெயிலுக்கு இரண்டாவது சரிபார்ப்பு இருந்தால் இறக்குங்கள், கணக்கு எண் மாற்றத்தைப் போனில் உறுதி செய்யும் வழக்கம் இல்லையென்றால் ஏற்றுங்கள். ஒரு தாக்குதல் யாருக்கும் நடக்கவே இல்லை என்றால் பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள். புள்ளியியலில் ஓர் எளிய விதி இருக்கிறது, 3ஐ அந்த 180ஆல் வகுங்கள், ஏறக்குறைய 1.7 சதவீதம், உண்மையான அளவு அதற்குள் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம்.

"வாய்ப்பு அதிகம்", "நடுத்தரம்" என்ற வார்த்தைகளை நான் ஏற்பதில்லை. பத்துப் பேரிடம் கேட்டால் பத்து அர்த்தம் சொல்வார்கள், பின்னால் சரியா தவறா என்று பார்க்கவும் முடியாது. எண் தவறாக இருந்தால் திருத்தலாம்.

கணிப்பைச் சோதிக்கவும் வேண்டும். ஆண்டுக்கு 5 சதவீதம் என்ற ஒரே கணிப்பை வைத்துச் சோதிக்க ஆயுள் போதாது. சிறுசிறு கேள்விகளாகக் கேளுங்கள்: மார்ச் 31க்குள் நம் பையர் டொமைனைப் போன்ற போலி டொமைனிலிருந்து ஒரு மெயிலாவது வருமா? ஜூன் முடிவதற்குள் நம் ஃபயர்வால் மாடலில் ஓர் ஓட்டை சிசா பட்டியலில் ஏறுமா? அக்கவுண்ட்ஸ், மெர்ச்சண்டைசிங், ஐடி மூன்றிலிருந்தும் ஆளுக்கொரு சதவீதம் எழுதச் சொல்லுங்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல். தேதி வந்ததும் மதிப்பெண் போடுங்கள். வானிலைக் கணிப்புகளைச் சோதிக்க கிளென் பிரையர் 1950இல் கொடுத்த முறை போதும்: நடந்தால் 1, நடக்காவிட்டால் 0, அதற்கும் உங்கள் கணிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அதாலேயே பெருக்குங்கள். 0.3 என்று சொன்னீர்கள், நடந்துவிட்டது என்றால் 0.49. நடக்கவில்லை என்றால் 0.09. சராசரி குறைவாக வருபவர் சொல்வதற்கு அடுத்தமுறை எடை கூடக் கொடுங்கள். அது பல நேரம் ஐடி ஆளாக இருக்காது, இன்வாய்ஸைத் தினமும் கையில் பிடிக்கும் அக்கவுண்டன்டாக இருக்கும்.

முதலிடத்தில் வந்த இரண்டு மூன்று தாக்குதல்களை மட்டும் படிப்படியாகப் பிரித்து எழுதுங்கள், அதற்கு, தாக்குபவர்கள் பயன்படுத்தும் முறைகளை வகைப்படுத்தி வைத்திருக்கும் மைட்டர் அட்டாக் அட்டவணை உதவும். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் "இது நடந்தால் நமக்கு எங்கே தெரியும்?" என்று கேளுங்கள். ஃபார்வர்டிங் ரூல் போட்டால் யாருக்காவது எச்சரிக்கை வருமா? வராது என்றால் முதல் செலவு அங்கே. தாளின் அடியில் இரண்டு விஷயம் எழுதி ஒட்டுங்கள்: பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கும் போன், கணினிக்குள் புகுந்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தகவல். அந்த 6 மணி நேரக் கெடு 2022 ஏப்ரலில் செர்ட்-இன் கொடுத்த உத்தரவில் இருக்கிறது.

தாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இடையில் புது மென்பொருள் வந்தாலோ, ஐடி ஆள் வேலையை விட்டுப் போனாலோ, புது நாட்டில் பையர் கிடைத்தாலோ, பக்கத்து யூனிட்டில் ஏதாவது நடந்துவிட்டாலோ மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே சதவீதத்தை மாற்றி, ஏன் மாற்றினீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரியும் தேதியும் எழுதுங்கள்.