நோர்வே வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வந்தால்

நோர்வேயில் குடியேறிச் சில காலம் ஆனபின், பக்கத்து வீட்டிலிருந்தோ வேலையிடத்து நண்பரிடமிருந்தோ ஓர் அட்டை வரலாம். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையின் படம், மே மாதத்து ஞாயிறு ஒன்று, ஒரு மண்டபத்தின் முகவரி. அது கொன்ஃபிர்மாஷூன், அதாவது பிள்ளை பெரியவராவதைக் கொண்டாடும் விழாவுக்கான அழைப்பு. "அங்கே நமக்கு யாரைத் தெரியும்?" என்று தயங்கி வீட்டிலேயே இருந்துவிடும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து போங்கள். வெளியாரை எளிதில் வீட்டுக்குள் அழைக்காத மக்கள் இவர்கள். அழைத்திருக்கிறார்கள் என்றால் யோசித்துத்தான் அழைத்திருக்கிறார்கள்.

இது இந்த நாட்டில் பழைய சடங்கு. 1736இல் சட்டமே இதைக் கட்டாயமாக்கியது. பாதிரியார் முன் நின்று கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகுதான் ஒரு பிள்ளை பெரியவராகக் கருதப்பட்டு வேலைக்குப் போக முடிந்தது. இன்று கட்டாயம் எதுவும் இல்லை. சிலர் தேவாலயத்தில் செய்கிறார்கள். மத நம்பிக்கை இல்லாதவர்களுக்காக 1951 முதல் மதச்சார்பற்ற விழாவும் நடக்கிறது. எதுவானாலும் பிற்பகல் விருந்து ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். தேவாலயத்துக்கும் அழைத்திருந்தால் தயங்காமல் போகலாம். மற்றவர்கள் எழும்போது எழுந்து, அமரும்போது அமர்ந்தால் போதும். அப்பமும் திராட்சை ரசமும் வாங்க முன்னே செல்ல வேண்டியதில்லை, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்பது. நம் கல்யாண வீட்டில் "குடும்பத்தோடு வாருங்கள்" என்றால் பந்தியில் பத்துப் பேர் கூடினாலும் சமாளிப்பார்கள். இங்கே ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் பெயர் எழுதிய சிறு அட்டை நிற்கும். யாருக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைத்தால் பேச்சு ஓடும் என்று அந்தத் தாயும் தகப்பனும் பல மாலைகள் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தையைக் கேட்காமல் அழைத்துப் போனால் அவர்களுக்குப் பெரிய சங்கடம். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பது அதைவிடப் பெரிது, மேசையில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். ஆகவே குறிப்பிட்ட தேதிக்குள் பதில் அனுப்புங்கள். உங்கள் பெயர் மட்டும் இருந்து, பிள்ளைகளையும் அழைத்திருக்கிறார்களா என்று விளங்காவிட்டால் நேரடியாகக் கேளுங்கள். கேட்பது இங்கே மரியாதைக் குறைவு அல்ல.

அதே பதிலில் உணவைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். மேசையில் புகையூட்டிய சால்மன், உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை, மாட்டிறைச்சித் துண்டுகள், உருளைக்கிழங்கு சாலட் எல்லாம் வரிசையாக இருக்கும். மாடு, பன்றி சாப்பிடமாட்டீர்கள், அல்லது சைவம் என்றால் முன்பே தெரிவியுங்கள். தனியாகச் செய்து வைப்பார்கள். நடுங்கும் பதத்தில் இருக்கும் இனிப்புகளில் பெரும்பாலும் விலங்கு ஜெலட்டின் இருக்கும். வாதுமை மாவு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரம்போல் அடுக்கிச் சிறு கொடிகள் செருகிய கேக்கில் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு.

பரிசாகப் பணம் கொடுப்பதே வழக்கம். வாழ்த்து அட்டைக்குள் நோட்டை வைத்து உங்கள் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். நெருங்கிய உறவினர் அதிகம் கொடுப்பார்கள். அண்டை வீட்டார், நண்பர் என்ற முறையில் 500 குரோனர் வைத்தால் குறைவு இல்லை என்பது என் கருத்து. யார் என்ன கொடுத்தார்கள் என்று நம் மொய் நோட்டைப்போல் இவர்களும் குறித்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பின்னர் நன்றி அட்டை வரும். தங்க நகை போன்ற கனமான பரிசு வேண்டாம், வாங்குபவர் கூசிப்போவார்.

உடையில் தயக்கமே வேண்டாம். பட்டுப் புடவையும் வேட்டியும் அங்கே அழகாகப் பொருந்தும், ஏனென்றால் அவர்களில் பலரும் புனாட் என்னும் மரபுடையில் வருவார்கள். கனத்த கம்பளித் துணி, பூத்தையல், வெள்ளி நகை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி வடிவம் உண்டு. "இது எந்த ஊர்ப் புனாட்?" என்று கேட்டுப் பாருங்கள், பாட்டி பிறந்த ஊரிலிருந்து பேச்சு தொடங்கி நெடுநேரம் ஓடும். மே மாதத்திலும் குளிர் இருக்கும், மேலங்கி எடுத்துச் செல்லுங்கள். விருந்து வீட்டில் என்றால் உள்ளே அணியத் தூய காலணி ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

மூன்று மணி என்றால் மூன்று மணிதான். உள்ளே போனதும் யாராவது வந்து அறிமுகம் செய்வார்கள் என்று ஓரமாக நிற்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் போய்க் கை கொடுத்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளைக்கு முதலில். சாப்பாட்டுக்கு நடுவே உரைகள் வரும். அப்பா எழுந்து பேசுவார், அம்மா பேசுவார், ஞானப் பெற்றோர் பேசுவார்கள், கடைசியில் பிள்ளையே எழுந்து நன்றி சொல்லும். பொதுவில் உணர்ச்சியைக் காட்டாத மனிதர்கள் அங்கே குரல் தழுதழுக்கப் பேசுவதைக் கேட்பீர்கள். இந்த மக்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மொழி பாதிதான் விளங்கினாலும் பேசுபவரைப் பார்த்தபடி இருங்கள். அந்த நேரத்தில் உணவெடுக்க எழக்கூடாது. தெரிந்த மெட்டில் அந்தப் பிள்ளையைப் பற்றியே எழுதிய பாட்டு ஒன்றும் தாளில் வரும், எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். நீங்களும் பாடுங்கள்.

இன்னொன்று: இங்கே யாரும் வற்புறுத்திப் பரிமாற மாட்டார்கள். "வேண்டாம்" என்று ஒருமுறை சொன்னால் அது முடிவு. அதைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொள்ளாமல், வேண்டியதை நீங்களே எழுந்து எடுத்துக்கொள்ளுங்கள். மதுவை மறுத்தால் காரணம் கேட்க மாட்டார்கள். கார் ஓட்டி வந்திருந்தால் தொடவே வேண்டாம், இரத்தத்தில் மதுவுக்குச் சட்டத்தின் வரம்பு 0.2 புரோமில் (ஆயிரத்தில் 0.2 பங்கு) மட்டுமே.

காபியும் கேக்கும் முடிந்து மற்றவர்கள் எழத் தொடங்கும்போது நீங்களும் விடைபெறலாம். அடுத்த முறை அவர்களைப் பார்க்கும்போது, வாரங்கள் கடந்திருந்தாலும், அன்றைய விருந்துக்கு மறுபடியும் நன்றி சொல்வது இங்கே எதிர்பார்க்கப்படும் மரியாதை.

உங்கள் வீட்டில் பிறந்தநாளோ சாமத்திய வீடோ வரும்போது அவர்களையும் அழையுங்கள். அழைப்பில் உண்மையான நேரத்தைப் போடுங்கள். ஆறு மணி என்று எழுதி எட்டு மணிக்கு விளக்கேற்றினால், அவர்கள் ஆறு மணிக்கே வந்து வெறும் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாடு எத்தனை மணிக்கு, எந்தக் கறி உறைப்பு என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.