திருத்தச் சொல்லக் கூடாத வசனங்கள்

இந்த ஆண்டு எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆங்கில ஆசிரியர்களின் வகுப்புகளைப் பின்வரிசையில் அமர்ந்து கவனித்தேன். அமெரிக்காவுக்கு வந்த புதிதில், கறுப்பின இலக்கியத்தைக் கொண்டு இனவெறிக்கு எதிராகப் பாடம் நடத்தப் புறப்பட்டு நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்தார்கள். இழிசொல்லை உரக்க வாசிக்கக் கூடாது என்பது போன்று எவரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பேச்சுவழக்கைப் பிழையாக்குவது

கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் வெளியிட்ட நாவலிலிருந்து ஓர் உரையாடலைப் படியெடுத்து, "இலக்கணப் பிழைகளைத் திருத்துக" என்று பயிற்சி கொடுத்தேன். ஒரு மாணவி எதையும் திருத்தாமல் தாளைத் திருப்பித் தந்து, "எங்கள் பாட்டி இப்படித்தான் பேசுவார், சார். இதில் எது பிழை?" என்று கேட்டாள். நான் பாடநூல் விதிகளை ஒப்பித்தேன். அதன்பின் அந்தப் பருவம் முடியும்வரை அவள் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

ஹர்ஸ்டன் மானுடவியல் பயின்றவர். ஃபுளோரிடாவில் கறுப்பின மக்களின் கதைகளைக் காதால் கேட்டுத் திரட்டியவர். அவர் எழுதிய பேச்சுக்கு உறுதியான இலக்கணம் உண்டு. கறுப்பின ஆங்கிலத்தில் பொதுவாக 'ஹி லேட்' என்றால் அவன் இப்போது தாமதம். 'ஹி பி லேட்' என்றால் தாமதமாக வருவதே அவன் வழக்கம். பொது ஆங்கிலமோ இரண்டையும் 'ஹி இஸ் லேட்' என்று சொல்லிவிட்டு, வேறுபாடு வேண்டுமென்றால் 'யூஷுவலி' என்ற சொல்லைத் துணைக்கு அழைக்கிறது. பிள்ளைகளின் வீட்டுமொழியைக் கருத்தில் கொண்டே வாசிப்பைக் கற்பிக்க வேண்டும் என்று மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் வழக்கில் 1979இலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் தனித்தனி விதிகளில் இயங்குவதைக் கண்டு வளர்ந்த எனக்கே இது உறைக்காமல் போனதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

இப்போது நான் அதே உரையாடலைக் கொடுத்து, ஐந்து வரிகளை ஒப்பிட்டு விதியை நீங்களே கண்டுபிடியுங்கள் என்கிறேன். பிறகு அதை அலுவலகக் கடித நடையில் பெயர்த்தெழுதச் சொல்கிறேன். கடித நடையில் எது தொலைந்தது என்பதைப் பற்றித்தான் வகுப்பில் நீண்ட விவாதம் நடக்கிறது. சென்ற வாரம் புதிய ஆசிரியர் ஒருவரின் தாளிலும் "திருத்துக" என்றே இருந்தது; அச்சுக்குப் போகுமுன் அடித்துவிட்டேன்.

ஒரே மாணவரைச் சாட்சிக்கு அழைப்பது

"உங்கள் சமூகம் இதைப் பற்றி என்ன நினைக்கிறது?" என்று வகுப்பில் இருக்கும் ஒரே கறுப்பினப் பிள்ளையான பதினான்கு வயது மாணவரிடம் கேட்காதீர்கள். கேள்வி பிரதியைப் பற்றியதாக, எல்லோருக்கும் உரியதாக இருக்கட்டும்.

துயரத்தை மட்டும் பாடமாக்குவது

அடிமை முறையைப் பற்றிய நூல்களோடு நின்றுவிடாமல் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் அறிவியல் புனைவையும் வையுங்கள்.

பிப்ரவரிக்கு ஒதுக்குவது

கூடாது. அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரிவரை காத்திராமல், பள்ளி ஆண்டு தொடங்கும் செப்டம்பரிலேயே தொடங்குங்கள்.