கார் போர்ச் திராட்சைக் கொடியில் சாம்பல் நோய்: மருந்தை எடுக்கும் முன்பும் பின்பும்

கோலாலம்பூரில் தொட்டியில் திராட்சை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு நோய்கள் வரும். மழையில் நனையும் கொடிக்கு ஒன்று, மழையே படாத கொடிக்கு இன்னொன்று. இரண்டிலும் இலை வெளுக்கும், மருந்துதான் வேறு வேறு. எங்கள் செந்தூல் வீட்டில் கூரைக்கு அடியில் நிற்கும் கொடிக்கு வந்தது இரண்டாவது வகை, அதாவது சாம்பல் நோய். அதை அடக்கிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கொடி நடுவது, பந்தல் கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நர்சரியில் 'அங்கூர் பிரேசில்' என்று விற்பது ஜபுதிக்காபா மரம். இந்தக் குறிப்புகள் அதற்குப் பொருந்தாது.

முதல் படி: இது சாம்பல் நோய்தானா?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுதான். காலையில் ஓர் இலையைப் பறித்து, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இலையின் மேற்புறத்தில் திருநீறு தூவியதுபோல் மெல்லிய வெண்படலம் தெரிந்தால் டிஷ்யூவால் துடையுங்கள். பொடி டிஷ்யூவில் ஒட்டிக்கொள்ளும். துடைத்த இடத்தில் நரம்புகள் பழுப்பேறியிருக்கும். பச்சைத் தண்டிலும் கறுப்பும் பழுப்புமாகக் கறைகள் படர்ந்திருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் பூசண வாடை வரும். இவை இருந்தால் சாம்பல் நோய்தான்.

மேலே எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் புள்ளி, அதற்கு நேர் கீழே அடிப்புறத்தில் மட்டும் வெண்பஞ்சு என்றால் அது அடிச்சாம்பல் நோய். இலை ஈரமாக இருந்தால்தான் அது தொற்றும். கந்தகத்தை எவ்வளவு அடித்தாலும் அது போகாது, செம்பு கலந்த மருந்துதான் வேண்டும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இலை மேலே கொப்புளமாகப் புடைத்து, அதன் அடியில் கம்பளிபோல் வெள்ளை, துடைத்தாலும் வராது. அது சிலந்திப் பேன் வேலை. பூசணமே இல்லை.

இரண்டாம் படி: தொட்டியை நகர்த்துங்கள்

மருந்தைவிட இது முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. சாம்பல் நோய்க்கு இலையில் தண்ணீர் நிற்கத் தேவையில்லை. காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும், அது நம் ஊரில் எப்போதும் இருக்கிறது. உண்மையில் பலத்த மழை இந்தப் பொடியைக் கழுவிவிடும். வெயிலின் புற ஊதாக் கதிர் இதைக் கொல்லும். மழைக்குப் பயந்து கொடியைக் கூரைக்கு அடியில் கொண்டுவந்தால் இரண்டு பாதுகாப்பும் போய்விடுகிறது. கார் போர்ச்சுக்குப் போடும் பாலிகார்பனேட் கூரையில் வெளிச்சம் நன்றாக வரும், ஆனால் புற ஊதாக் கதிரை அது பெரும்பாலும் தடுத்துவிடும். 1845-இல் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் டக்கர் என்ற தோட்டக்காரர் இந்த நோயை முதலில் கவனித்ததும் கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்த திராட்சையில்தான்.

அதனால் தொட்டியைக் கூரையின் விளிம்புக்குக் கொண்டுபோங்கள். காலை வெயில் நேராக விழவேண்டும், மாலை மழை விழக்கூடாது, இலை நனைந்தால் அடிச்சாம்பல் வந்துவிடும். கிழக்குப் பார்த்த வாசல் என்றால் கவலையே இல்லை.

மூன்றாம் படி: வெட்டுங்கள்

நம் ஊரில் குளிர்காலம் கிடையாது, கொடி தானாக இலை உதிர்த்து ஓய்வெடுக்காது. பழைய இலையிலிருந்து புதுத் தளிருக்கு நோய் தாவிக்கொண்டே இருக்கும். காய்ப்பு முடிந்ததும் கவாத்து செய்து, மிச்சமிருக்கும் இலை எல்லாவற்றையும் கையால் உருவி, பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். புதுத் துளிரில் ஒன்று மட்டும் முளைக்கும்போதே முழுக்க வெளுத்துச் சுருண்டு வந்தால், பூசணம் மொட்டுக்குள்ளேயே தங்கியிருந்தது என்று பொருள். அதை அடியோடு கிள்ளிவிடுங்கள்.

அடர்ந்த இடங்களில் காய்க்குலையைச் சுற்றியுள்ள இலைகளையும் கொஞ்சம் எடுங்கள். தாஹி ஆயாம் (கோழி எரு) அள்ளிப் போடுவதை நிறுத்துங்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலை மெத்தென்று வளரும், நோய்க்கு அது வசதி.

நான்காம் படி: கந்தகம்

தண்ணீரில் கரைக்கும் 80 சதவீத நனையும் கந்தகத் தூளை வாங்குங்கள். லிட்டருக்கு 2 கிராம். பொட்டலத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றைத் தோட்டத்துக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பிறகு மீதித் தண்ணீர் சேர்த்து, துணியில் வடிகட்டுங்கள். விரலால் அழுத்தும் பாட்டில் ஸ்ப்ரேயரைத் தொடாதீர்கள், தூள் அடைத்துக்கொள்ளும். 2 லிட்டர் கைப்பம்ப் ஸ்ப்ரேயர்தான் சரி. தூள் அடியில் தங்கும், அடிக்கடி குலுக்கிக்கொண்டே அடிக்கவேண்டும்.

நேரம் காலை ஏழரை மணி. இங்கே மதியம் 32, 33 டிகிரி போகும், அந்தச் சூட்டில் கந்தகம் இலையைக் கருக்கும். முதல் முறை நாலைந்து இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள். சில திராட்சை ரகங்களுக்குக் கந்தகமே ஒத்துக்கொள்ளாது. இலையின் இரண்டு பக்கமும் நனையவேண்டும், பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

கந்தகம் முக்கியமாகத் தடுப்பு மருந்து. ஏற்கெனவே வெளுத்த இலைக்கு முதலில் பொட்டாசியம் பைகார்பனேட் லிட்டருக்கு 5 கிராம், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தோடு அடியுங்கள். மூன்று நாள் கழித்துக் கந்தகம். சமையல் சோடா வேண்டாம், அதிலுள்ள சோடியம் தொட்டி மண்ணில் சேர்ந்துவிடும்.

துளிர் 10 செ.மீ. வளர்ந்ததுமே தொடங்கி, 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை. பூ விரிவதிலிருந்து பிஞ்சு பிடித்து மூன்று நான்கு வாரம் வரை ஒரு முறைகூடத் தவறவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தொற்றிய காய்தான் தோல் தடித்து, பெரிதாகும்போது வெடிக்கும். அதன் பிறகு காய் தானாகவே எதிர்ப்பைப் பெற்றுவிடும். இலைக்கும் குலைக்காம்புக்கும் மட்டும் ஆபத்து தொடரும்.

பிற்சேர்க்கை: 'வேப்பெண்ணெய் அடித்த மறுவாரம் கந்தகம் அடித்தேன், இலை எல்லாம் கருகிவிட்டது' என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். எந்த எண்ணெயாக இருந்தாலும் இடையில் குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். வேப்பெண்ணெய்தான் அடிப்பேன் என்பவர்கள் அதையே தொடருங்கள், கந்தகத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர், திறந்த வெளியில் நிற்கும் கொடிக்கும் சாம்பல் வந்திருக்கிறதே என்று கேட்டார். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பினாங்குப் பக்கம் மழை குறைவு, பொடியைக் கழுவ ஆளில்லை. பக்கத்தில் இருக்கும் பந்தலில் வெளுத்துப்போன புடலையைப் பிடுங்கிவிடவா என்றும் கேட்டிருந்தார். வேண்டாம். புடலை, வெள்ளரியைத் தாக்குவது வேறு பூசணம், அது திராட்சைக்குத் தாவாது. புடலைக்கும் வெயில் படும்படி இலையைக் கழித்துவிட்டாலே போதும்.