வெயில் வராத வீட்டில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் நாற்று: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீரைக்கும் நாற்றுக்கும் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண நாலடி எல்.இ.டி. ட்யூப்லைட்டே போதும். செடிக்கென்றே விற்கும் ஊதா விளக்குதான் வேண்டும் என்பதில்லை. வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது நீல சிப். அதன் மேலுள்ள பாஸ்பர் பூச்சு அந்த நீலத்தில் ஒரு பகுதியைப் பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றுகிறது. ஆக, செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் அதிலேயே இருக்கின்றன.

பலருக்கும் சறுக்குவது உயரத்தில்தான். விளக்கைச் சுவரில் மேலே மாட்டிவிட்டு, தொட்டியைத் தரையில் வைத்துவிடுகிறார்கள். நம் கண் குறைந்த வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்ளும், அதனால் அறை பளிச்சென்றுதான் தெரியும். செடிக்கு அது இருட்டு. ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். உச்சி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். ட்யூப்லைட் எரியும் அறையின் தரையில் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். அதே 20 வாட் விளக்கைச் செடிக்கு அரையடி மேலே தொங்கவிட்டால் சுமார் 5000 லக்ஸ் கிடைக்கும். ஓரடிக்கு ஏற்றினால் அதில் பாதி போய்விடும்.

நான் முதலில் மிளகாய் விதை போட்டபோது விளக்கு இரண்டடி உயரத்தில் இருந்தது. நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு வெளிறிப்போய், நுனியில் இரண்டு விதையிலைகளை மட்டும் தாங்கி நின்றன. தண்ணீர் தெளித்ததும் மொத்தமும் படுத்துவிட்டன. பார்க்கவே மனது கஷ்டமாக இருந்தது. அடுத்த தட்டுக்கு விளக்கைச் சங்கிலியில் கட்டி அரையடிக்கு இறக்கினேன். தண்டு குட்டையாக, கெட்டியாக வந்தது. செடி வளர வளர ஒவ்வொரு கண்ணியாக ஏற்றிக்கொண்டே போகலாம். சூடு பற்றிப் பயமிருந்தால் இலை இருக்கும் உயரத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். கைக்கு உறைக்கவில்லை என்றால் இலைக்கும் ஒன்றும் ஆகாது.

சரி, எத்தனை விளக்கு? ஓரடி அகலத் தட்டுக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல் பெட்டியில் லூமென், அதாவது விளக்கு தரும் மொத்த வெளிச்சம், எவ்வளவு என்று பாருங்கள். 20 வாட்டுக்கு 2000 லூமென் இருந்தால் நல்லது. 6500 கெல்வின் என்று போட்டிருக்கும், லேசாக நீலம் கலந்த வெள்ளை நாற்றுக்கு நன்றாகவே ஒத்துவரும்.

வெளிச்சம் கூடினால் நல்லதுதானே என்று இரவு பகலாக எரியவிடுவதும் தவறு. இடைவிடாத வெளிச்சத்தில் தக்காளி இலை வெளுத்துக் கெட்டுப்போகும். 14 முதல் 16 மணி நேரம் போதும்; ஒரு டைமர் வாங்கிவிட்டால் மறதிக்கு இடமில்லை. இரண்டு விளக்கு 16 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்குச் சுமார் 19 யூனிட்தான்.

அப்புறம் தண்ணீர். வெயிலும் காற்றும் இல்லாத இடத்தில் மண் மெதுவாகத்தான் காயும். மாடித்தோட்டப் பழக்கத்தில் தினமும் ஊற்றினால் நாற்றழுகல் வந்து, தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் சுருங்கிச் சாயும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். விளக்கை அணைக்காமல் தண்ணீர் தெளிக்கவே வேண்டாம். பிளக் தட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது.

கீரை, புதினாவை இந்த வெளிச்சத்திலேயே பறித்துச் சமைக்கலாம். தக்காளி, மிளகாய் நன்றாகக் காய்க்க இது பற்றாது. நாலைந்து இலை விட்டதும் வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று ஒரு வாரம் பழக்குங்கள். நேரே மாடியில் கொண்டுபோய் வைத்தால் ஓரிரு நாளிலேயே இலை காகிதம் மாதிரி வெளுத்துவிடும்.