பிள்ளைகளோடு மம்மி புத்தகம் படிப்பது எப்படி

"மம்மின்னா அம்மாதானே, அவங்கள எதுக்கு இப்படித் துணியில சுத்தி வெச்சிருக்காங்க?" தருமபுரியில் தகடூர் புத்தகத் திருவிழாவில் வாங்கி வந்த எகிப்து படப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்ததுமே, இரண்டாவது படிக்கும் என் மகள் கேட்டது இதுதான். நம் வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் இதைத்தான் கேட்பார்கள், அதனால் முதலில் இந்த வார்த்தையைத் தீர்த்துவிடுங்கள். தார் மாதிரியான ஒரு கறுப்புப் பொருளுக்கு அரபியில் மூமியா என்று பெயர். பழைய எகிப்தில் செத்தவர்களின் உடலைக் கெடாமல் பதப்படுத்திப் பிசின் பூசித் துணியில் சுற்றி வைத்தார்கள், அந்த உடல்கள் தார் பூசியதுபோல் கறுத்திருந்ததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அம்மாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வாங்கும்போதே நடுப்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். மம்மி எழுந்து நடந்து ஆளைத் துரத்துகிற புத்தகம் என்றால் அதைக் கதையாக மட்டும் படிக்கலாம், எகிப்தைத் தெரிந்துகொள்ள அது உதவாது. ஆங்கிலப் புத்தகமாக இருந்தால் வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள், முந்தின நாளே நீங்கள் ஒரு தடவை படித்துவிட்டு, மறுநாள் படத்தைக் காட்டி உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். ராத்திரி தூங்கப்போகும்போது வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து படிக்கலாம்.

குடலையும் ஈரலையும் எடுத்து ஜாடியில் வைப்பது, மூக்கு வழியாக மூளையை எடுப்பது, இந்தப் பக்கங்களைத் தாண்டிவிடலாமா என்று பலருக்கும் தோன்றும். தாண்டாதீர்கள். சாதாரணக் குரலில் சொன்னால் பிள்ளைகள் சாதாரணமாகவே கேட்டுக்கொள்கிறார்கள். நாம் முகத்தைச் சுளித்தால்தான் அவர்களுக்குப் பயம் வருகிறது. இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டுவிடுவார்கள், ஏனென்றால் அறிவும் நினைப்பும் அங்கேதான் இருக்கிறது என்று நம்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உடல் ஏன் கெடவில்லை என்ற கேள்விக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவதே நல்லது. மொத்த வேலைக்கு 70 நாள், அதில் சுமார் 40 நாள் உடலை நேட்ரான் என்ற உப்பில் புதைத்து வைப்பார்கள். ஈரத்தை உப்பு உறிஞ்சிவிட்டால் கிருமி வளர வழியில்லை. மாங்காய் ஊரில் இருந்துகொண்டு இதைப் படத்தில் மட்டும் காட்டினால் எப்படி? பெங்களூரா மாங்காயில் ஒரே அளவாக இரண்டு பத்தை நறுக்குங்கள். ஒரு டம்ளரில் கல்லுப்பும் ஆப்ப சோடாவும் சரிபாதி கலந்து போட்டு ஒரு பத்தையை முழுக்கப் புதையுங்கள், இன்னொன்றை வெறும் டம்ளரில் போடுங்கள். மூடி வேண்டாம், ஒரு வாரம் தொடவும் வேண்டாம். எங்கள் வீட்டில் எட்டாம் நாள் எடுத்தபோது உப்பில் கிடந்தது சுருங்கி, தோல் செருப்பு வார் மாதிரி விறைத்திருந்தது, மற்றது கறுத்துப் பூஞ்சை பூத்திருந்தது. மகள் உப்பில் கிடந்ததை விரலால் மடக்கிப் பார்த்துவிட்டு "உப்புக்கண்டம் மாதிரியேதான்" என்றாள். சோடா கலந்தது, வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லறையைத் திறந்தவர்களை மம்மியின் சாபம் கொன்றுவிடும் என்ற கதை எப்படியும் வரும், பள்ளியில் யாராவது சொல்லிவிடுவார்கள். 1922 நவம்பரில் எகிப்து ராஜா துட்டன்காமனின் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை உயிரோடு இருந்தார். செலவுக்குப் பணம் கொடுத்த கார்னர்வன் பிரபு 1923இல் இறந்தது கொசுக்கடி புண்ணாகிச் சீழ் பிடித்ததால். இதைச் சொல்லிவிட்டு உடனே கல்லறைக்குள் இருந்த சாமான்களுக்குப் போய்விடுங்கள். 5,000க்கும் மேற்பட்ட பொருட்கள், அதில் செருப்பு, கைத்தடி, உள்ளாடை, நம் தாயம் மாதிரி காய் நகர்த்தும் செனட் பலகைகூட உண்டு. சுமார் 19 வயதில் செத்துப்போன அந்த ராஜா பையனுக்கு மறு உலகத்துக்குப் போனாலும் விளையாட வேண்டுமே என்று வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் என் மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாமளும் தாத்தாவுக்கு வெத்தலைப் பொட்டி வெச்சோம்ல" என்றாள். இப்படி ஒரு பேச்சு வந்தால் பக்கத்தைத் திருப்பாதீர்கள். தாத்தாவை ஏன் அப்படி வைத்துக்கொள்ளவில்லை என்றும் கேட்பார்கள், நம் வழக்கம் வேறு, மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வருஷா வருஷம் படையல் போட்டு நினைத்துக்கொள்கிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். அன்றைக்கு நாங்கள் அதற்கு மேல் படிக்கவில்லை, தாத்தாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

புத்தகம் முடிந்ததும் கிருஷ்ணகிரி பக்கம் மல்லசந்திரத்துக்குக் கூட்டிப்போங்கள். செத்தவர்களுக்காகக் கல்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையைப் போட்டு மூடிய கல்திட்டைகள் அங்கே குன்றின்மேல் நிறைய இருக்கின்றன, பெருங்கற்கால மக்கள் கட்டியவை. நிழல் கம்மி, காலையிலேயே கிளம்பித் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், கல்மேல் ஏறவிடாதீர்கள். மம்மி புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டால் அங்கேயே உட்கார்ந்து கல்லறைப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.