செம்மண்ணைக் கரைத்து ஒரு குறுந்தொகைப் பாடல்: வகுப்பில் செய்யும் முறை

பாட்டை நடத்திவிட்டு, "இதற்கு ஒரு படம் வரைந்து வாருங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுப்பதுதான் பல தமிழ் வகுப்புகளில் வழக்கம். புதுச்சேரிப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு நானும் சில வருடம் அப்படித்தான் செய்தேன். குறுந்தொகை 40-ஆம் பாட்டுக்கு வந்த படங்களில் ஒரு பையன், ஒரு பெண், நடுவில் ஒரு இதயம். பாட்டின் உயிரே 'செம்புலப் பெயல்நீர் போல', அதாவது செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல, என்ற நான்காவது வரியில்தான் இருக்கிறது. அது ஒரு படத்தில்கூட இல்லை.

அப்புறம்தான் தோன்றியது: பாட்டு எந்தப் பொருளைப் பேசுகிறதோ, அந்தப் பொருளையே பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டால் என்ன? நமக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. பொம்மையார்பாளையம் பக்கம் போனால் செம்மண், கடலூரில் கேப்பர் மலையில் ஏறினால் செம்மண்.

மூன்று பீரியட் போதும். முதன்முறை செய்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முன்கூட்டியே வாங்கி வைக்க

நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு கிலோ செம்மண் தாராளம். ஓடை அரித்த மேட்டில் போய் வெட்டாதீர்கள், அந்த மண் ஏற்கெனவே மழைக்குக் கரைந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய இடத்திலோ செடி விற்கும் நர்சரியிலோ கேட்டால் கிடைக்கும். நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் 50 கிராம், பழைய வேட்டித் துணி, கொட்டாங்குச்சிகள், கெட்டியான டிராயிங் ஷீட், பழைய தட்டுகள், மூடியில் ஊசியால் துளையிட்ட தண்ணீர் பாட்டில்கள். அவ்வளவுதான்.

முதல் பீரியட்: பாட்டு மட்டும்

மண்ணை வெளியே எடுக்காதீர்கள். பாட்டைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே

உரையைச் சொல்லுமுன் இரண்டு தரம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். எந்தை, நுந்தையும் அப்படித்தான். இதைச் சொன்னதும் வகுப்பு பிடித்துக்கொள்ளும். மூன்று வரியில் மூன்று கேள்வி: நம் அம்மாக்கள் ஒருவருக்கொருவர் யார், நம் அப்பாக்கள் எந்த முறையில் உறவு, நாம் எப்படி ஒருவரையொருவர் அறிந்தோம். கடைசி இரண்டு வரியில் ஒரே பதில்: செம்மண்ணில் விழுந்த மழைநீர் போல நம் அன்பு நெஞ்சங்கள் தாமாகவே கலந்துவிட்டன. பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகக்குறிப்பைப் பார்த்துத் தலைவன் சொல்வது இது. இந்தச் சூழலை மறக்காமல் சொல்லுங்கள், பிற்பாடு உதவும். இதை எழுதியவரின் பெயரே தெரியாமல் போய், செம்புலப்பெயனீரார் என்று உவமையாலேயே அழைக்கிறோம் என்பதையும் சொல்லுங்கள்.

இரண்டாம் பீரியட்: மழை

ஐந்து பேருக்கு ஒரு தட்டு. தட்டில் காய்ந்த செம்மண்ணைப் பரப்பி, துளையிட்ட பாட்டிலால் மழை பெய்யச் சொல்லுங்கள். முதல் துளி விழுந்த இடம் கறுக்கும், மண்வாசனை எழும், நீர் சிவந்து ஓடும். பார்த்ததை நான்கு வரியில் எழுதட்டும். அன்பு, காதல் போன்ற சொற்கள் வேண்டாம். கண்ணும் மூக்கும் அறிந்தது மட்டும்.

மிச்சச் செம்மண்ணை ஒரு பக்கெட் நீரில் கலக்கி, ஒரு நிமிடம் விடுங்கள். மணல் கீழே தங்கிவிடும். மேலே உள்ள சிவப்பு நீரைத் துணியில் வடிகட்டி, கண்ணாடி பாட்டிலில் நிரப்பி ஜன்னலோரம் வையுங்கள். அதில் தெரிவது மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடின் நிறம்.

முதல் வருடம் இங்கேதான் நான் திணறினேன். மூன்றாம் நாள் காலை பாட்டிலில் மேலே தெளிந்த நீர், அடியில் சேறு. பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், பிரிஞ்சிடுச்சே" என்றாள். வகுப்பே அமைதியானது. பாட்டின் தலைவி பயந்ததும் இதற்குத்தானே! நான் பதில் சொல்லவில்லை. பாட்டை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன், "கண்ணாடி பாட்டில்னு பாட்டுல எங்க இருக்கு டீச்சர், செம்புலம்னுதானே இருக்கு? நிலத்துல விழுந்த மழையை யார் திரும்ப எடுக்க முடியும்?" என்று கேட்டான். 'புலம்' என்ற சொல் ஏன் அங்கே இருக்கிறது என்பதை எந்த உரையைவிடவும் அந்தப் பையன் எனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தான். உங்கள் வகுப்பில் இந்தக் கேள்வி வரக் காத்திருங்கள். அவசரப்பட்டு நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாம் பீரியட்: வண்ணம்

தெளிந்த நீரை மெல்ல இறுத்துவிட்டு, அடிச்சேற்றைத் தட்டில் ஊற்றி நிழலில் காயவிடுங்கள். காய்ந்ததைப் பொடியாக்குங்கள். பிசினை முந்தின இரவே 100 மில்லி வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டியிருக்க வேண்டும். ஒரு ஸ்பூன் பொடிக்கு அரை ஸ்பூன் பிசின் நீரில் தொடங்கி, குழையக் குழைய அரைத்துப் பாருங்கள். பூசிக் காய்ந்தபின் விரலில் பொடி ஒட்டினால் பிசின் போதவில்லை. வெடித்து உதிர்ந்தால் பிசின் கூடிவிட்டது.

படத்துக்கு ஒரே நிபந்தனை: மனித உருவம் கூடாது. செம்மண்ணும் தண்ணீரும் மட்டும் வைத்து மூன்று கேள்விகளையும் ஒரு பதிலையும் காட்ட வேண்டும். ஒரு குழு தாளின் மேல்பகுதியில் மூன்று தனித்தனிக் கோடுகள் இழுத்து, கீழே தாளை நனைத்து மூன்றும் ஓடிக் கலக்கும்படி விட்டது. அதைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன்.

கடைசிப் பத்து நிமிடத்தில் நான்காவது வரியை அழித்துவிட்டு, அவரவர் ஊரிலிருந்து ஒரு உவமை வைக்கச் சொல்லுங்கள். அசையும் சீரும் பார்க்க வேண்டாம். பாட்டு மலைநிலத்துக் குறிஞ்சித் திணை, நம் பிள்ளைகள் கடற்கரை நெய்தல்காரர்கள். குப்பத்துப் பையன் ஒருவன் "முகத்துவாரத் தண்ணி போல" என்று எழுதினான். அரியாங்குப்பத்து ஆறு கடலில் சேரும் இடத்தை அவன் தினமும் பார்க்கிறான்.

மிஞ்சிய வண்ணத்தைக் கொட்டிவிடாதீர்கள். கொட்டாங்குச்சியிலேயே காயவிட்டு எடுத்து வைத்தால், அடுத்த பாட்டுக்கு ஈரத் தூரிகை பட்டதும் மறுபடி கரையும். ஒவ்வொன்றிலும் ஒரு கிராம்பு போட்டு வையுங்கள், பூசணம் பிடிக்காது.